பரங்கிமலைச் சங்கிலியும் தூக்குநூலும்: அறிவியலின் முரண்புதிர்கள் குறித்து ஒரு திறனாய்வு

தாம்பரம் என்ற பெயரைக் கேட்டவுடன் இறையியல் மாணவர் நினைவில் எழுவது, 1938ஆம் ஆண்டு டிசம்பரில் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி வளாகத்தில் கூடிய அனைத்துலக மிஷனரி மன்றத்தின் மாநாடே. நற்செய்திக்கும் பிற சமயங்களுக்கும் இடையே தொடர்ச்சி உண்டா, முறிவு மட்டுமே உண்டா என்று ஹென்ட்ரிக் கிரேமரும் ஏ. ஜி. ஹாக்கும் எழுப்பிய வாதம் நம் வகுப்பறைகளில் இன்னும் ஓயவில்லை. ஆயின், அம்மாநாட்டுக்கு 136 ஆண்டுகளுக்கு முன்னர், தாம்பரத்துக்கு அண்மையிலுள்ள பரங்கிமலை அடிவாரத்தில் வேறொரு வாதத்துக்கு வித்திடப்பட்டது. வித்திட்டவர் இறையியலார் அல்லர், நில அளவையாளர். அவ்வாதமோ இறுதியில் ஓர் ஆர்ச்டீக்கனின் மேசைக்கு வந்து சேர்ந்தது. அதனை ஈண்டு ஆராய முற்படுவதற்கு ஒரு காரணம் உண்டு.

“அறிவியலே முரண்பாடுகளால் நிறைந்தது, ஆகவே திருமறையில் முரண்பாடு காணப்படின் ஐயுற வேண்டா” என்னும் வாதம் நம் அருளுரைகளிலும் இளைஞர் கூட்டங்களிலும் அடிக்கடி செவிப்படுகிறது. இதற்கு மறுதலையாக, “திருமறைக்கும் அறிவியலுக்கும் முரண்பாடு எதுவுமே இல்லை” என்னும் வாதமும் அதே மேடைகளில் ஒலிக்கிறது. இவ்விரண்டையும் ஒரே பேச்சாளர் ஒரே மாலையில் கூறக் கேட்பதும் உண்டு. இயற்பியலோ கணிதமோ பயிலும் மாணவர் ஒருவர் அக்கூட்டத்தில் அமர்ந்திருப்பாராயின், தம் பாடத்தை அறியாதவர் தம் பாடத்தைச் சான்றுக்கு அழைப்பதை உடனே உணர்வார். பாடத்தைப் பற்றி அவர் சொன்னது பிழை என்று கண்டவர், கடவுளைப் பற்றி அவர் சொல்வதை மட்டும் எவ்வாறு நம்புவார்? எனவே முரண்புதிர் என்பது யாது, அறிவியலார் அதனை எவ்வாறு கையாண்டனர் என்பதை நம் அருகிலுள்ள ஒரு சான்றைக் கொண்டு காண்பது பயனுடையது.

1. சங்கிலியை அளப்பது எது?

1802ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் நாள் வில்லியம் லாம்டன் என்னும் படை அலுவலர், பரங்கிமலைக்கு அருகிலிருந்து தெற்கே பெரும்பாக்கம் குன்றுவரை ஏறத்தாழ ஏழரை மைல் நீளமுள்ள ஒரு நேர்க்கோட்டை அளக்கத் தொடங்கினார். ஒரு முக்கோணத்தின் ஒரு பக்கமும் கோணங்களும் தெரிந்தால் மற்றப் பக்கங்களைக் கணக்கிட்டு அறியலாம். அப்பக்கங்களின்மேல் புதிய முக்கோணங்களை அமைக்கலாம். இவ்வாறு முக்கோணத்தின்மேல் முக்கோணமாக இமயம்வரை விரிந்த பணியே பெரும் முக்கோண அளவை எனப் பெயர் பெற்றது. அதன் முதற் கோடு இன்று வீடுகளும் சாலைகளும் நெருங்கியுள்ள நம் தென்சென்னைப் புறநகர்களின் ஊடே சென்றது.

லாம்டனிடம் இருந்த கருவி 100 அடி நீளமுள்ள எஃகுச் சங்கிலி. சீனப் பேரரசருக்கு வழங்குவதற்கென்று மெக்கார்ட்னி தூதுக்குழு கொண்டுசென்று, அங்கு ஏற்கப்படாது திரும்பி, கல்கத்தா வழியாக அவர் கைக்கு வந்த பொருள் அது. அதனை வெறுந்தரையில் இடாமல் மரப்பெட்டிகளில் கிடத்தி, வெப்பமானிகளையும் உடன் வைத்து அளந்தனர். காரணம் வெளிப்படை. கோடைவெயிலில் எஃகு நீளும். வெப்பம் 10 பாகை செல்சியஸ் உயர்ந்தால் எஃகு தன் நீளத்தில் ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்கு கூடும். ஏழரை மைலில் இது நான்கு அடிக்கும் மேற்பட்ட பிழையாகிவிடும்.

இங்கே ஒரு புதிர் எழுகிறது. சங்கிலியின் நீளத்தைத் திருத்த வெப்பத்தை அறிய வேண்டும். வெப்பத்தை அறிவிப்பதோ வெப்பமானியிலுள்ள பாதரசத்தின் நீளம். நீளத்தை அறிய வெப்பம், வெப்பத்தை அறிய நீளம் என்று வாதம் வட்டமிடுகிறது. லாம்டன் மற்றொரு சங்கிலியைத் தனியே வைத்திருந்து, வேலை செய்யும் சங்கிலியை அதனோடு ஒப்பிட்டு வந்தார். ஆனால் அந்த இரண்டாம் சங்கிலியின் நீளம் மாறவில்லை என்பதற்கு எது சான்று?

பிரெஞ்சுக் கணித அறிஞர் அன்றி புவான்காரே 1902ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் இப்புதிரை அதன் எல்லைவரை கொண்டு சென்றார். ஓர் உருண்டை உலகில் நடுவிலிருந்து விளிம்பை நோக்கிச் செல்லச்செல்ல வெப்பம் குறைகிறது என்றும், அங்குள்ள பொருள் யாவும் ஒரே விகிதத்தில் சுருங்குகின்றன என்றும் வைத்துக்கொள்வோம். அளவுகோலும் சுருங்கும்; அளப்பவனும் சுருங்குவான். விளிம்பை நோக்கி எடுத்துவைக்கும் ஒவ்வோர் அடியும் முந்திய அடியினும் சிறிதாகையால், அவன் விளிம்பை அடையவே மாட்டான். தன் உலகம் எல்லையற்றது என்றே முடிவு செய்வான். அவன் கூற்றைப் பொய்யாக்கும் அளவு எதுவும் அவ்வுலகில் கிடையாது. 1953இல் வெளியான நூலொன்றில் விட்கன்ஸ்டைனும் இதனையொத்த கருத்தைக் கூறினார். பாரிசில் வைக்கப்பட்டிருந்த மூல மீட்டர்க் கோலை மட்டும் ஒரு மீட்டர் நீளமுடையது என்றோ அல்லது என்றோ சொல்ல இயலாது என்பது அவர் வாதம். அக்கோல் 1960இல் தன் பதவியை இழந்தது. 1983 முதல் ஒளி ஒரு நொடியின் 299,792,458இல் ஒரு பங்கு நேரத்தில் வெற்றிடத்தில் செல்லும் தொலைவே மீட்டர். புதிர் தீர்ந்துவிடவில்லை, உலோகக் கோலிலிருந்து ஒளிக்கு இடம் மாறியது.

அங்ஙனமாயின் அளவை யாவும் மனிதர் தம் விருப்பப்படி செய்துகொண்ட ஏற்பாடு தானா? அன்று. நம் உலகம் புவான்காரே கற்பித்த உலகத்தினின்றும் ஒரு முக்கியமான வகையில் வேறுபட்டது. இங்கே எல்லாப் பொருள்களும் ஒன்றுபோல விரிவதில்லை. எஃகு ஒரு விதம், பித்தளை ஒரு விதம், பாதரசம் ஒரு விதம். 1830களில் ஜார்ஜ் எவரெஸ்ட் கல்கத்தாவில் ஆதாரக் கோடு அளந்தபோது இவ்வேற்றுமையையே கருவியாகக் கொண்டார். இரும்புக் கோலையும் பித்தளைக் கோலையும் இணைத்து, அவற்றின் விரிவு வேறுபாட்டினாலேயே இரு புள்ளிகளின் இடைத்தூரம் மாறாதிருக்கச் செய்த அமைப்பு அது. இரு உலோகங்களும் இசைந்து விரிந்திருப்பின் வெப்பத்தின் வேலையை நாம் அறிந்தேயிருக்க மாட்டோம். அவை மாறுபட்டதனால் அறிந்தோம். இச்செய்தி இக்கட்டுரை முழுவதற்கும் அடிப்படையாகும்.

2. சாய்ந்த தூக்குநூல்

கொத்தனார் சுவர் நேராக நிற்கிறதா என்று பார்க்கத் தூக்குநூலைத் தொங்கவிடுகிறார். இஸ்ரவேலின் கோணலைக் காட்ட ஆமோஸ் தீர்க்கதரிசி கண்ட தரிசனத்திலும் தூக்குநூலே வருகிறது. நேரின்மையைக் காட்டும் அக்கருவியே நேரற்றதாயின் செய்வது யாது?

ஓர் ஊரின் அட்சரேகையை இருவழியில் அறியலாம். முக்கோணங்களைக் கொண்டு நிலத்தில் தொலைவைக் கணக்கிடுவது ஒன்று. தலைக்கு நேர்மேலே வரும் விண்மீன்களை நோக்கிக் கணக்கிடுவது மற்றொன்று. நேர்மேல் எது என்பதைக் காட்டுவது தூக்குநூல். வடக்கே கலியானா, நடு இந்தியாவில் கலியான்பூர் ஆகிய இரு நிலையங்களுக்கும் இடைப்பட்ட தொலைவு ஏறத்தாழ 600 கிலோமீட்டர். இவற்றின் அட்சரேகை வேறுபாட்டை இருவழியிலும் கணித்தபோது விடைகள் ஒத்துவரவில்லை. விண்மீன் வழியில் கிடைத்த விடை 5.236 விகலை குறைந்திருந்தது. ஒரு பாகைக்கு 3,600 விகலை. நிலத்தில் இது ஏறத்தாழ 160 மீட்டர் பிழைக்குச் சமம்.

அளவையில் சேர்ந்துவிட்ட சிறு பிழைகளின் தொகுப்பே இது என்று எவரெஸ்ட் கருதினார். அவருக்குப் பின் அப்பணியை ஏற்ற ஆண்ட்ரூ வா இதனைக் கல்கத்தாவின் ஆர்ச்டீக்கன் ஜான் ஹென்றி பிராட்டிடம் ஒப்படைத்தார். பிராட் கேம்பிரிட்ஜில் கணிதம் பயின்றவர். 1850 முதல் 1871இல் மறையும்வரை அப்பதவியில் இருந்தவர். இமயம் தன் பெருந்திணிவினால் தூக்குக்குண்டைத் தன்பால் ஈர்க்கும் என்பது நியூட்டன் விதியினின்றும் பெறப்படும். எனவே மலையின் கனத்தைக் கணித்தால் 5.236 விகலைக்குக் காரணம் கிடைத்துவிடும் என்று எதிர்பார்ப்பது இயல்பே. ஆனால் பிராட் கணித்தபோது கிடைத்த விடை 15.885 விகலை. எதிர்பார்க்கப்பட்ட ஈர்ப்பில் மூன்றில் ஒரு பங்கே காணப்பட்டது. மலை இருந்தது, அதன் ஈர்ப்பு இல்லை.

ஒரு விடையைத் தேடிய இடத்தில் முன்னிருந்ததினும் பெரிய புதிர் தோன்றியது. பிராட் அதை மறைக்கவில்லை. தாம் கண்ட எண்ணையும் அளவையாளர் கண்ட எண்ணையும் அருகருகே வைத்து லண்டன் ராயல் கழகத்துக்கு 1854ஆம் ஆண்டு இறுதியில் எழுதி அனுப்பினார். தாம் கருதிய ஒரு காரணத்தையும் கூறினார்; அது நிலைபெறவில்லை. எனினும் எண்கள் நிலைபெற்றன.

3. ஒரே அளவு, இரு விளக்கங்கள்

சில வாரங்களுக்குள் இங்கிலாந்தின் அரச வானியலறிஞர் ஜார்ஜ் ஏரி விடை எழுதினார். நீரில் மிதக்கும் மரக்கட்டைகளுள் எது மேலே உயர்ந்து நிற்கிறதோ அது கீழேயும் ஆழ்ந்திருக்கும். அதுபோல மலைகளுக்கும் கனமிக்க அடிப்பொருளுள் ஆழ்ந்த இலேசான வேர் உண்டு என்றும், அவ்வேரின் இலேசு மேலுள்ள மலையின் ஈர்ப்பைக் குறைக்கிறது என்றும் அவர் கூறினார். பிராட் இதை ஏற்கவில்லை. 1859இல் அவர் தம் விளக்கத்தை வெளியிட்டார். அதன்படி வேர் என ஒன்று இல்லை. மலையின் அடியிலுள்ள பாறை சமவெளியின் அடியிலுள்ளதைக் காட்டிலும் அடர்த்தி குறைந்தது.

இங்கு மூன்றாவது புதிர் தோன்றுகிறது. இவ்விரு விளக்கங்களுள் எதை ஏற்பினும் தூக்குநூலின் சாய்வுக்குக் காரணம் கூறிவிடலாம். தூக்குநூல் ஒன்றை மட்டும் நோக்கியிருந்தால் அவ்வழக்குக்குத் தீர்ப்பே கிடைத்திராது. வேறொரு சாட்சி தேவைப்பட்டது. அது 20ஆம் நூற்றாண்டில் நிலநடுக்க அலைகளின் வடிவில் வந்தது. திபெத்தின் கீழ் நிலமேலோடு ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தடிப்புடையது என்றும், அது பொதுவாகக் கண்டங்களுக்கு உள்ளதைப்போல் இருமடங்கு என்றும் அவ்வலைகள் காட்டின. இமயத்தைப் பொறுத்தவரை ஏரி சொன்னதே பெரிதும் பொருந்திற்று. வெப்பத்தால் விரிந்து உயர்ந்துள்ள கடலடி முகடுகளுக்கோ பிராட் சொன்னது பொருந்துகிறது.

கதை அத்தோடு முடியவில்லை. இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலின் நீர்மட்டம், பூமியைச் சீரான நீள்கோளமாகக் கொண்டால் இருக்கவேண்டிய நிலையைக் காட்டிலும் 100 மீட்டருக்கு மேல் தாழ்ந்துள்ளது. உலகிலேயே ஆழமான ஈர்ப்புப் பள்ளம் இதுவே. ஆழத்திலிருந்து எழும் வெப்பமான, அடர்த்தி குறைந்த பொருளைக் காரணமாகக் காட்டி, பெங்களூர் இந்திய அறிவியல் கழக ஆய்வாளர் 2023இல் விளக்கம் தந்தனர். சமமட்டம் என்பதற்கு நாம் உவமை கூறும் கடலே சமமட்டமன்று.

4. பிராட் எழுதிய மற்றொரு நூல்

இதே பிராட் 1856இல் வேறொரு நூலை வெளியிட்டார். ‘திருமறையும் அறிவியலும் முரண்பட்டவை அல்ல’ என்பது அதன் தலைப்பின் பொருள். அது பல பதிப்புகளைக் கண்டது. டார்வினின் நூல் வெளிவந்த பின்னர் அதற்கும் மறுமொழி கூறும்வகையில் விரிக்கப்பட்டது.

நூலின் சிறப்பை முதலில் கூறுவது முறை. சூரியன் பூமியைச் சுற்றுகிறது எனத் திருமறை கற்பிப்பதாகச் சபை ஒருகாலத்தில் எண்ணியதையும், அறிவியல் அந்த விளக்கத்தினின்றும் திருமறையை விடுவித்ததையும் பிராட் தயங்காது எடுத்துக்காட்டுகிறார். நம் விளக்கம் வேறு, திருமறை வேறு என்னும் இத்தெளிவு அக்காலத்து ஆயர் பலரிடம் காணப்படாதது. இன்றும் அரிதே.

ஆயினும் நூலின் குறை அதன் தலைப்பிலேயே உள்ளது. ஆராய்ச்சி தொடங்குமுன்னரே அதன் முடிவு எழுதப்பட்டுவிட்டது. முன்பு எழுந்த முரண்பாடுகள் காலப்போக்கில் தீர்ந்தன. ஆகவே இன்றுள்ளவையும் தீரும் என்பது அவர் வாதத்தின் முதுகெலும்பு. திருமறை கூறுவதாகத் தோன்றுவதற்கு மாறான உண்மை ஒன்று வெளிப்பட்டால், நம் விளக்கம் தவறு என்று கூறிவிடலாம். அல்லது அறிவியல் இன்னும் முதிரவில்லை என்று கூறிவிடலாம். எது நிகழினும் நூலின் தலைப்புக்கு ஊறு நேராது. எதனாலும் ஊறுபடாத கூற்று, புவான்காரேயின் உலகத்து அளவுகோலை ஒத்தது. எல்லாமே அதனோடு சேர்ந்து சுருங்கும், சேர்ந்து விரியும், அதனால் அது எதையும் நமக்கு அறிவிப்பதில்லை.

ராயல் கழகத்துக்கு எழுதிய பிராட்டையும் இந்நூலை எழுதிய பிராட்டையும் ஒப்பிட்டால் இது விளங்கும். முன்னவர் 15.885க்கும் 5.236க்கும் முரண்பாடு இல்லை என்று சாதிக்கவில்லை. இரண்டையும் எழுதி வைத்தார். பூமியின் அடியில் தாம் அறியாத ஏதோ ஒன்று உண்டு என்று அம்முரண்பாடு கூறுவதற்கு இடம் கொடுத்தார். அவ்விடம் இருந்ததனால்தான் ஏரி மறுமொழி எழுத முடிந்தது. பிராட்டும் தம் முதற்கருத்தைக் கைவிட்டு வேறொன்றை எழுத முடிந்தது. பின்னவரோ முரண்பாட்டைப் பேசவிடவில்லை.

இதற்கு எதிராக ஒன்று கூறப்படலாம். இயற்கை தனக்குத்தானே முரண்படாது என்னும் நம்பிக்கை இருந்ததால் அன்றோ பிராட் அந்தக் கணக்கில் உழைத்தார்? கடவுள் தமக்குத்தாமே முரண்படார் என்னும் நம்பிக்கை மட்டும் எவ்வாறு குறையாகும்? இது பொருளுள்ள மறுப்பே. அந்த நம்பிக்கை இன்றி எந்தத் தேடலும் இல்லை. ஆனால் நம்பிக்கை தேடலைத் தொடங்கி வைப்பது வேறு. தேடலின் முடிவாகத் தன்னையே அறிவித்துக்கொள்வது வேறு. நம் அறிவு குறைவுள்ளது என்றும் நாம் கண்ணாடியில் நிழலாட்டமாகக் காண்கிறோம் என்றும் கொரிந்தியருக்கு எழுதிய பவுல், அக்குறைவினூடேயே நம்பிக்கையைப் பேசினார். குறைவு இல்லையென்று சொல்லவில்லை.

5. நம் மேடைகளில்

பரங்கிமலையில் தொடங்கிய வரலாற்றில் மூவகைப் புதிர்களைக் கண்டோம். அளவுகோலை அளப்பது எது என்பது முதலாவது. இது நம் அறிவின் அடிப்படையிலுள்ள வட்டத்தைக் காட்டுகிறது. கணக்கும் காட்சியும் மாறுபடுவது இரண்டாவது; இது நாம் அறியாத பொருளைச் சுட்டுகிறது. ஒரே காட்சிக்கு இரு விளக்கங்கள் பொருந்துவது மூன்றாவது. இது வேறு சாட்சியை நாடச் செய்கிறது. இவற்றை வேறு பிரிக்காமல் ‘மறைபொருள்’ என்னும் ஒரே பெட்டகத்தில் இடுவதே நம் பேச்சாளர் செய்யும் பிழை.

ஒளி அலையாகவும் துகளாகவும் இருப்பதுபோலக் கிறிஸ்து கடவுளாகவும் மனிதராகவும் இருக்கிறார் என்னும் உவமை பலமுறை கேட்டதே. ஒளியைப் பற்றிய குவாண்டம் கொள்கையின் கணிதத்தில் முரண்பாடு இல்லை. எவ்வகைச் சோதனையில் எது காணப்படும் என்பதை அது திட்டமாகக் கூறிவிடுகிறது. ஒரு சோதனையில் அலைத்தன்மை எவ்வளவு வெளிப்படுகிறதோ அவ்வளவுக்குத் துகள்தன்மை மறையும். 451இல் கூடிய கல்செதோன் சங்கமோ இதற்கு மாறாக, இரு தன்மைகளும் கலவாமலும் பிரியாமலும் ஒருங்கே உள்ளன என்று அறிக்கையிட்டது. உவமை, தான் விளக்க வந்த கோட்பாட்டையே குலைக்கிறது.

கெடலின் தேற்றமும் இவ்வாறே இழுக்கப்படுகிறது. முரணற்றதும் எண்கணிதத்துக்குப் போதியதுமான ஒரு முறைமையில், அம்முறைமையின் விதிகளால் நிறுவவோ மறுக்கவோ இயலாத கூற்று உண்டு என்று 1931இல் கெடல் மெய்ப்பித்தார். பகுத்தறிவு தோற்றது, இனி விசுவாசமே வழி என்று அதற்குப் பொருள் கொள்வோர், அத்தேற்றத்தை மெய்ப்பித்ததும் பகுத்தறிவே என்பதை மறந்துவிடுகின்றனர்.

அப்படியாயின் சபைக்கு இவ்வரலாற்றிலிருந்து கற்க ஒன்றுமில்லையா? உண்டு. 2ஆம் நூற்றாண்டில் தத்தியான் என்பவர் நான்கு சுவிசேஷங்களையும் இசைத்து ஒரே வரலாறாக்கினார். சீரிய சபை அந்நூலை நெடுங்காலம் பயன்படுத்திற்று. எனினும் 5ஆம் நூற்றாண்டில் அச்சபையும் அதை விடுத்து, தனித்தனியான நான்கு சுவிசேஷங்களுக்குத் திரும்பியது. வம்ச வரலாற்றில் மத்தேயுவும் லூக்காவும் ஒத்துவரவில்லை. பாடுபட்ட நாளைக் குறிப்பதில் மாற்குவும் யோவானும் ஒத்துவரவில்லை. திருச்சபை இவற்றை அறியாமல் நான்கையும் வைத்துக்கொள்ளவில்லை; அறிந்தே வைத்துக்கொண்டது. இரும்பும் பித்தளையும் வேறுபட்டு விரிந்ததால் மாறாத அளவு கிடைத்ததை முன்னர்க் கண்டோம். சாட்சிகளின் வேறுபாட்டை அழித்துவிட்டால், எதைப் பற்றிச் சாட்சி கூறுகின்றனரோ அதை அணுகும் வழியும் அடைபடும். அவ்வேறுபாட்டை மாணவர் முன் திறந்து வைக்க அஞ்சும் ஆசிரியர், எவரெஸ்டைப்போல 5.236 விகலையைப் பிழைக்கணக்கில் எழுதிவிடுகிறார்.

தாம்பரத்திலிருந்து கடற்கரை நோக்கிச் செல்லும் மின்தொடர் வண்டியில் அமர்ந்து பரங்கிமலையை நாம் பலமுறை கடந்திருக்கிறோம். தொட்டுப் பார்த்தாலன்றி நம்பேன் என்ற அப்போஸ்தலர் தோமாவின் பெயரால் அம்மலை வழங்குகிறது. அவர் இரத்தசாட்சியாக மரித்த இடம் அதுவே என்பது மரபு. லாம்டனின் மார்பளவுச் சிலையும் அங்கே உண்டு. தோமாவின் கேள்வியை ஆண்டவர் கடிந்து விலக்காமல், தம் காயங்களைக் காட்டி விடையளித்தார். நம் கூட்டங்களில் கேள்வியோடு எழுந்து நிற்கும் மாணவருக்கும் அத்தகைய விடையை அளிக்க நாம் கடமைப்பட்டுள்ளோம். விடை நம்மிடம் இல்லாதபோது, இரண்டு எண்களையும் அருகருகே எழுதிவைத்த கல்கத்தா ஆர்ச்டீக்கனைப்போல, உள்ளதை உள்ளபடி கூறுவதும் அக்கடமையில் அடங்கும்.